துக்கம் சொல்ல வந்தவன்

சாங்லூ நாட்டு ஹெங் மன்னரின் தேரைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவன் நான். பெயர் தூ பான். தேரில் மூன்று பேர் நிற்போம். இடப்பக்கம் வில்லோடு மன்னர், வலப்பக்கம் ஈட்டிக்காரன், நடுவில் கடிவாளத்தோடு நான். ஈட்டிக்காரர்கள் ஆறு பேர் மாறினார்கள். ஆறு பேரும் செத்துத்தான் மாறினார்கள். மன்னரும் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தத் தேரில் நின்றவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். அதனால்தான் போன மாதம் அரண்மனை எழுத்தன் கூவெய் எழுதுகிற மூங்கில் பட்டைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

மன்னரின் வெற்றிகளை எல்லாம் பொறித்து முன்னோர் கோயிலில் மூன்று கால் வெண்கலக் கொப்பரை ஒன்று வைக்கப் போகிறார்களாம். அதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். கூவெய்க்கு முப்பது வயது இருந்தால் அதிகம். போர்க்களத்துச் சேறு காலில் பட்டிருக்காது. போர் என்றால் நல்ல கையெழுத்தில் எழுதுகிற சமாசாரம் என்று அவனுக்கு நினைப்பு.

"ஐயா, முதல்ல இருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றான்.

சொன்னேன். இருபத்திரண்டு வயதில் பட்டத்துக்கு வந்த மனிதர், அந்த இலையுதிர் காலத்திலேயே வெள்ளத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நடந்து ஆற்றைக் கடந்து ஷூவெய் நாட்டைப் பிடித்ததைச் சொன்னேன். மேற்கு மலைக்காரர்கள் பாறையை உருட்டிவிட, நாங்கள் இரண்டு மாதம் காட்டுக் கிழங்கைத் தின்று கிடந்ததையும், மன்னரும் அதே கிழங்கைத் தின்று அதே மாதிரி வயிற்றுப்போக்கில் கிடந்ததையும் சொன்னேன். இதை எழுதலாமா என்று கூவெய் விழித்தான். "எழுதுடா, மன்னருக்கும் வயிறு இருந்துச்சு" என்றேன். லாங் கோட்டையைச் சொன்னேன். அங்கேதான் எனக்கு வந்த அம்பைப் பார்த்துவிட்டு, என் பிடரியைப் பிடித்துக் கீழே அமுக்கி, தன் தோளில் வாங்கிக்கொண்டார். ரத்தம் ஒழுக ஒழுக என்னைத் திட்டினார்: "மடையா, தேரோட்டி செத்தா தேரை எவன்டா ஓட்டுறது? நானா?" அந்த ஆளுக்காக அன்றைக்கு நான் நெருப்பில் கூடக் குதித்திருப்பேன்.

முறை தவறாதவர் என்றும் பெயர் வாங்கியிருந்தார். காயம்பட்டுக் கிடப்பவனை மறுபடி குத்தக் கூடாது. நரைத்த தலையைச் சிறை பிடிக்கக் கூடாது. ஆற்றைப் பாதி கடந்து நிற்கும் படையை அடிக்கக் கூடாது. மன்னன் செத்துத் துக்கத்தில் இருக்கும் நாட்டின்மேல் படையெடுக்கக் கூடாது. பாதி வழியில் துக்கச் செய்தி வந்தால் தேரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இந்த நான்கும் எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. யாரும் உட்கார வைத்துக் கற்றுத் தருவதில்லை.

"சரிங்க ஐயா. அடுத்தது மியென்" என்றான் கூவெய். "ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம எடுத்த நாடு. அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க."

நான் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். உள்ளே என் மனைவி ஷுவின் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த ஊர் மியென்.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஞாபகம் இல்லையாம்! பதினேழு வருடமாக வேறு என்ன ஞாபகம் வைத்திருக்கிறேன் நான்?

மியென் ஏரிக்கரையில் இருந்த சின்ன நாடு. ஒரு மதில், நாலு வாசல், நிறைய மீன். நாங்கள் போய் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கூடாரம் அடித்தோம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் மதில்மேல் கொடிகளைக் காணோம். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது பெண்கள் கூட்டமாக அழும் சத்தம் கேட்டது. படையில் இருந்த அத்தனை பேருக்கும் அது என்ன என்று தெரியும். மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மன்னர் என்னைக் கூப்பிட்டார். கூடாரத்தில் வேறு யாரும் இல்லை. கால் நகத்தை வெட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பான், அவங்க தூதன் வந்து என்கிட்ட துக்கம் சொல்லுவான், இல்ல?"

"ஆமா ராசா. இன்னைக்கு வருவாங்க."

"வந்து சொல்லிட்டா திரும்பணும். மூணு வருஷம் இந்தப் பக்கம் வர முடியாது." ஒரு நகத்தை ஊதித் தள்ளினார். "சொல்லாத வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. தூரத்துல பொம்பளைங்க அழுதா நான் என்ன கண்டேன்? புருஷன் அடிச்சிருப்பான்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது.

"நீ குதிரைங்களைத் தண்ணிக்கு ஓட்டிட்டுப் போ" என்றார். "எவனாவது ஆத்தைத் தாண்டி வந்தா, மதியம் வரைக்கும் அவன் இங்க வராமப் பாத்துக்க. அடிக்காத, கட்டிப் போடாத. பேசிப் பாத்துக்க. உனக்குத்தான் வாய் நல்லா வருமே."

பத்தொன்பது வருடத்தில் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கட்டளை. நான் கால் தரையில் படாமல் போனேன்.

ஆற்றைக் கடந்து வந்தவன் யார் என்கிறீர்கள்? யீ காவ். ஷுவினின் கூடப்பிறந்த அண்ணன். என் மச்சான். முரட்டுச் சணல் துணியில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, புல் செருப்போடு, கையில் துக்கக் கோலோடு வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் அந்த முகத்தில் எவ்வளவு நிம்மதி!

"மாப்ளே! நீயா! நல்ல வேளை. வேற எவனாவது இருந்தா என்னை அம்பால அடிச்சுட்டு அப்புறம் யாருன்னு கேப்பான். எங்க மன்னர் போயிட்டார்டா. முந்தாநாள். உங்க ராசாகிட்ட முறைப்படி சொல்லணும், கூட்டிட்டுப் போ."

இவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தேரின் அச்சாணியில் மீன் எண்ணெய் தடவிவிட்டு, ஊர்ப் பூனை எல்லாம் என் பின்னால் வரும்படி செய்தவன். அன்றைக்கு விளையாட்டே இல்லை. ஒரு குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மதுக் கொடுத்துப் பார்க்கலாம் என்றால் துக்கத்தில் இருப்பவன் தொட மாட்டான். கறியும் ஆகாது. அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

"மச்சான், ராசா ஆமை ஓட்டைச் சுட்டுக் குறி பாத்துட்டிருக்கார். முன்னோர் பேர் எழுதின பலகையெல்லாம் வெளிய எடுத்து வெச்சிருக்கு. துக்கத் துணியோட நீ அங்க வந்தா தீட்டு. ஓடு வெடிச்சு, குறி சொல்லி முடியட்டும். நான் வந்து கூப்பிடறேன். அதுவரைக்கும் இந்த மரத்தடியில இரு."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். இதற்கு மட்டும் உடனே தலையாட்டினான். "ஐயையோ, தீட்டுன்னா நான் எப்படி வருவேன்! முடியட்டும், முடியட்டும்" என்று இரண்டு அடி பின்னால் கூடப் போனான். முறை தெரிந்தவன் என்பதால்தான் அவனை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிந்தது.

"எங்க ஊர்ல கவலையே படல மாப்ளே. நான் கிளம்பினதும் ஆயுதத்தையெல்லாம் கட்டி உள்ள வெச்சுட்டாங்க. உங்க ராசா முறை தெரிஞ்சவர்னு எல்லாருக்கும் தெரியும்ல" என்றான்.

நான் போய் மன்னரிடம் அதையும் சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

மதியத்துக்குள் ஆற்றின் மேல்துறையில் கடந்துவிட்டோம். முரசு அடிக்கவில்லை. வில்லை எல்லாம் உறையில் போடச் சொன்னார் மன்னர். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வாசலுக்குப் போனதும்தான் புரிந்தது. கதவு திறந்திருந்தது. எங்களைக் கண்டதும் மியென் ஜனம் இரண்டு பக்கமும் மண்டி போட்டது. தூதன் போய்ச் சொல்லிவிட்டான், பகைவர் கோபத்தை விட்டுவிட்டுத் துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்! செத்துப்போன மன்னரின் மகன், பதினாறு வயது இருக்கும், வெறுங்காலோடு ஓடிவந்து எங்கள் தேரின் சக்கரத்தடியில் நெற்றியை வைத்தான். "நீங்க வருவீங்கன்னு நாங்க நினைக்கவே இல்ல" என்று தேம்பினான்.

மன்னர் தேரில் இருந்து இறங்கினார். நேராகச் சவப்பெட்டி இருந்த கூடத்துக்குப் போனார். முறைப்படி ஓலமிட்டு அழுதார், முறைப்படி மூன்று தடவை காலைத் தரையில் உதைத்துத் துள்ளினார். ஒரு குறையும் இல்லாமல் செய்தார். வாசலில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன் நான்.

அதற்குள் எங்கள் வீரர்கள் தெருத் தெருவாக நிரம்பிவிட்டார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது போல மியென் பெண்கள் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். எனக்கும் ஒரு அம்மாள் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். "குடிங்கய்யா, வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள். குடித்தேன். கூடத்தில் இருந்து வெளியே வந்த மன்னர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். நாலு வாசலையும் எங்கள் ஆட்கள் சாத்தினார்கள். அவ்வளவுதான், மியென் முடிந்தது. கிண்ணம் அப்போதும் என் கையில்தான் இருந்தது.

ஒரு உயிர் போகவில்லையே, முற்றுகை போட்டிருந்தால் ஆயிரம் பேர் செத்திருப்பார்களே என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் பொய். மன்னர் என் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தட்டிக்கொடுத்தார்.

பொழுது சாயும் நேரம் ஆற்றங்கரைக்குப் போனேன். விட்ட இடத்திலேயே யீ காவ் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, ஆமை வெடிக்க இவ்வளவு நேரமா? கிழட்டு ஆமையா?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என் தேர்ச் சக்கரத்து அச்சில் துக்க வீட்டு வெள்ளைச் சணல் நார் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்தான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அடிப்பான் என்று நினைத்தேன். காறித் துப்புவான் என்று நினைத்தேன். "தங்கச்சிக்கு இது தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொன்னான்.

மியென் ஜனத்தை எங்கள் தலைநகருக்குக் கொண்டுவந்து, பானைச் சூளைகளுக்குப் பின்னால் ஒரு தெருவில் குடிவைத்தார்கள். அவர்கள் யீ காவைப் பிடித்து உலுக்கினார்கள். எங்கேடா போனாய், ஏன் சொல்லவில்லை என்று. "வழியில குடிச்சேன். தூங்கிட்டேன்" என்றான் அவன். சவம் வீட்டில் கிடக்கும்போது, துக்கம் சொல்லப் போகிற வழியில் குடித்தவன்! எங்கள் பக்கம் அதைவிடக் கேவலம் கிடையாது. கொன்றிருந்தால் கூடப் பரவாயில்லை. உயிரோடு விட்டுவிட்டு, பதினேழு வருடம் ஒருவரும் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கூரை வேய்ந்து பிழைத்தான். வேலை முடிந்ததும் கூலி நெல்லைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்களாம்.

ஷுவினும் சாத்தினாள். வருடா வருடம் அவர்கள் மன்னரின் நினைவு நாளில் அவன் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவான். "குடிகாரனுக்கு இங்க என்ன வேலை?" என்று இவள் கதவை அடைப்பாள். நான் உள்ளே உட்கார்ந்து சோறு தின்பேன். ஒரு தடவை கிணற்றடியில் எதிர்ப்பட்டபோது, "மாப்ளே, தொந்தி போட்டுடுச்சே, குதிரை தாங்குமா?" என்று சிரித்தான். அவன் என்னை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மியென்னுக்குப் பிறகு மன்னர் ஐந்து நாடுகள் பிடித்தார். எதுவும் சுலபமாக வரவில்லை. எங்கள் வார்த்தையை எவனும் நம்பவில்லை. கடைசிக் கிழவன் வரை நின்று செத்தார்கள். மன்னர் இறந்தபோது நாங்கள் நாலு பக்கமும் துக்கம் சொல்ல ஆள் அனுப்பினோம். அந்த வாரமே மூன்று எல்லை ஊர்களைக் கொளுத்தினார்கள். எங்கள் ஜனம் ஐயோ அநியாயம் என்று வாயில் அடித்துக்கொண்டது. எனக்கு வாயைத் திறக்க ஏது யோக்கியதை?

கூவெய் வந்துபோன ஐந்தாம் நாள் காலையில், கூரையில் இருந்து விழுந்து யீ காவ் செத்துப்போனான் என்று சேதி வந்தது. சூளைத் தெருவில் அவன் குடிசையில் கிடக்கிறான், தூக்க ஒருவரும் வரவில்லை, அவர்கள் இடுகாட்டில் இடம் தரவும் மாட்டார்களாம்.

ஷுவின் அழவில்லை. "குடிகாரன் கூரை மேல ஏறினா விழத்தான் செய்வான்" என்றாள்.

"அவன் குடிச்சதே இல்ல" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சிக் கிண்ணம் வரைக்கும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப் போனேன்.

"பதினேழு தடவை" என்றாள். "பதினேழு தடவை எங்கண்ணன் மூஞ்சில கதவைச் சாத்தினேன். நீங்க பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"ஷுவின்..."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? தெருவுல போய்ச் சொல்லுங்க. அவன் பொணத்துக்கு முன்னால நின்னு, அத்தனை பேரு கேக்கச் சொல்லுங்க. அவன் பேரை அவனுக்குத் திருப்பிக் கொடுங்க."

சணல் துணியைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். துக்கக் கோலத்தில் அரசரின் தேரோட்டி வருகிறான் என்றதும் தெருவே கூடிவிட்டது. குடிசை வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன். ஆற்றங்கரையில் அவனை நிறுத்தியது நான்தான், ஆமை ஓடு என்று பொய் சொன்னது நான்தான், அவன் வாயில் ஒரு துளி மது படவில்லை, உங்கள் நாட்டைப் பிடித்துக் கொடுத்தவன் நான். கல்லால் அடியுங்கள் என்று மண்டி போட்டேன்.

ஒருவரும் கல்லை எடுக்கவில்லை. கூட்டத்தில் இருந்து ஒரு கிழவர் முன்னால் வந்தார். பெய் சாங் என்று பெயர்; அந்தத் தெருவுக்குப் பெரியவர். என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினார். அவர் கண்ணில் தண்ணீர்.

"எந்திரிங்கய்யா. மச்சான் பொணம் அநாதையாக் கிடக்குதேன்னு, இவ்வளவு பெரிய பழியைத் தன் தலையில எவன் தூக்கிப் போட்டுக்குவான்? உங்களை மாதிரி ஒரு மாப்பிள்ளை அந்தக் குடிகாரனுக்கு!"

"பெரியவரே, நிஜம். சத்தியமாச் சொல்றேன்!"

"அவனே அவன் வாயால சொன்னானேய்யா, குடிச்சேன்னு. நாங்க காதால கேட்டோம். நீங்க விடுங்க."

"பெரிய மனுஷன்யா" என்று பின்னால் ஒருவன் சொன்னான். "இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?" என்றாள் ஒருத்தி. நான் கத்தினேன். தலையில் அடித்துக்கொண்டேன். கத்தக் கத்த அவர்களுக்கு என்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. ஷுவினும் சொன்னாள், "அவர் சொல்றது நிஜம்தான், எங்கண்ணன் குடிக்கல" என்று. கூடப்பிறந்தவள் அப்படித்தானே சொல்வாள் என்று அவளைத் தட்டிக்கொடுத்து உட்கார வைத்தார்கள்.

பெய் சாங் நான்கு பேரைக் கூப்பிட்டார். பிணம் தூக்கும் பலகையை எடுத்துவரச் சொன்னார். இடுகாட்டில் ஓரமாக ஒரு இடம் தரலாம் என்றார்.

"அவனுக்காக இல்ல ஐயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உங்க முகத்துக்காகத் தூக்குறோம்."

தூக்கினார்கள். ஷுவின் பலகையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், ஒரு தடவை கூட என் பக்கம் திரும்பவில்லை. பின்னால் தனியாகப் போனேன் நான். தெருவின் இரண்டு பக்கமும் மியென் ஜனம் எனக்குத் தலை தாழ்த்தி நின்றது.